தோலோடு இருக்கட்டும்

என் தோல் நன்றாக இருந்தால் அம்மாவுக்குப் பயம் வந்துவிடும். மற்ற வீடுகளில் பிள்ளைக்குப் புண் வந்தால் கலங்குவார்கள். எங்கள் லயக்காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டில், எனக்குப் புண் ஆறினால்தான் கலவரம். முழங்கை மடிப்பும், முட்டியின் பின்பக்கமும், கழுத்தும் சிவந்து நீர் கசிந்து கிடக்கிற நாட்களில் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். "தோலோட இருக்கட்டும். தோல்ல இருக்கற வரைக்கும் உசுருக்கு மோசமில்ல" என்பாள். இப்படியொரு வைத்திய சாஸ்திரத்தில் வளர்ந்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கும் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் ஆத்திரம் ஆத்திரமாய் வரும்.

எங்கள் தோட்டம் கித்துல்கலவுக்கு மேலே, ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டுகிறவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அந்தக் காம்பராவில் நாங்கள் இரண்டு பேர், மூன்றாவதாக என் கரப்பான். டவுன் டொக்டர்கள் அதை எக்ஸிமா என்பார்கள். லயத்தில் அது கரப்பான்தான். பிறந்து சில மாதத்திலேயே கன்னத்தில் ஆரம்பித்ததாம். தவழ்ந்தபோது முட்டிக்கு வந்தது, நடந்தபோது மடிப்புகளுக்குப் போனது. நான் வளர வளர அதுவும் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. எங்கள் இரண்டு பேரில் அதற்குத்தான் போஷாக்கு அதிகம்.

சின்ன வகுப்பில் படிக்கும்போது தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார்கள். அம்மா அதை வேளை தவறாமல் பூசினாள். புண் ஆறியது, அரிப்பு நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் கை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையைப் பிடித்து லயத்தில் காம்பரா காம்பராவாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "தொட்டுப் பாருங்க அக்கா, சும்மா தொட்டுப் பாருங்க" என்றாள். அத்தனை பேர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அது ரப்பர் பூக்கிற காலம். இலையெல்லாம் கொட்டி, புது இலை விட்டு, மரமெல்லாம் பொடிப் பூவாக நிற்கும். தோட்டம் முழுக்க ஒரு தினுசான வாசம் வீசும். முதலில் எனக்குத் தும்மல் வந்தது. மூக்கு ஒழுகியது, கண் அரித்தது. பிறகு ஒரு விடியக்காலை நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. மூச்சை உள்ளே இழுக்க முடிகிறது, வெளியே விட முடியவில்லை. அம்மா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

லயமே கூடித் தீர்ப்புச் சொன்னது. வெளியே இருந்த கரப்பானைக் களிம்பு பூசி உள்ளே தள்ளிவிட்டார்கள், அதுதான் போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது என்று. ஒருத்தர் சொன்னால் பரவாயில்லை, எல்லாரும் சொன்னார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் களிம்பை எடுத்து வாசலில் ஓடுகிற சாக்கடைக் கானுக்குள் வீசினாள். கொஞ்ச நாளில் கரப்பான் பழையபடி வந்து சேர்ந்தது. அதே சமயம் பூவும் உதிர்ந்தது, இழுப்பும் நின்றது. அம்மாவுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? தோல் ஆறியது, மூச்சு நின்றது. தோல் வெடித்தது, மூச்சு வந்தது. பூவைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. எல்லார் கண் முன்னாலும்தான் பூத்து நின்றது, சனியன்.

இன்னொன்றையும் அம்மா அந்த வயதில்தான் கண்டுபிடித்தாள். பக்கத்துக் காம்பராவில் கூனிச் சம்பல் அரைத்துக் கொடுத்தார்கள். கூனி என்றால் காய்ந்த பொடி இறால். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கிவிட்டது. மறுநாள் வற்றிவிட்டது. வேறு தாயாக இருந்தால் கூனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பாள். அம்மா வேறு மாதிரி நினைத்தாள். உள்ளே இருக்கிறதைக் கூனி வெளியே கொண்டுவந்துவிடும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அவள் கூனி தரவே இல்லை. இருக்கிற புண்ணே போதும், பிள்ளையை மேலும் சொறிய வைப்பானேன் என்று இரக்கம்.

அந்த இரக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். இலைகளை அவித்த தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டுவாள். நகத்தை ஒட்ட வெட்டுவாள். நான் சொறியத் தொடங்கினால் கையைப் பிடித்து விலக்கி, "நீ சொறியாத, நான் தடவுறேன்" என்பாள். பால் வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை அவளுக்கு. அதை வைத்து மெதுவாக, தோல் கிழியாமல், அரிப்பு அடங்குகிற வரைக்கும் தேய்ப்பாள். தூக்கத்திலும் என் கை இரண்டையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். இருபது வயதிலும் அப்படித்தான் படுத்தோம்.

மற்றவர்கள் யாரும் தொடமாட்டார்கள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் உட்காருகிற வாங்கில் இடம் தாராளமாக இருக்கும். மாதா கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் என் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் திடீரென்று பக்தி முற்றிக் கண் மூடிவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கும்போது கையைப் பார்ப்பார்கள். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. "நல்ல தேயிலைம்மா, வீணாப்போச்சு" என்று நானே அதை எடுத்துக் குடித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் இல்லை என்று ஆன பிறகு வேலைக்குப் போனேன். மாவனல்லையில் ஒரு புடவைக் கடை. முஸ்லிம் முதலாளி. கடைக்குப் பின்னால் தங்க ஒரு அறை கொடுத்தார்கள். முதலில் என்னைக் கவுண்டரில்தான் நிறுத்தினார்கள். நான் விரித்துக் காட்டுகிற துணியை வாங்க வருகிறவர்கள் தொடத் தயங்குவதைப் பார்த்துவிட்டு, மேல்மாடிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே நானும் துணிக்கட்டுகளும் மட்டும். கட்டைப் பிரித்தால் பஞ்சுத் தூசி பறக்கும். விடியக் காலை தொடங்கினால் தும்மல், தும்மல், தும்மல். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். சில நாள் பின்னேரத்தில் நெஞ்சும் லேசாக விசில் அடிக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்பது? துணிக்கட்டா?

முதலாளியின் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. அவரை நாங்கள் தாத்தா என்போம்; அவர்கள் வழக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார்.

"புள்ள, நீங்க தும்முற சத்தத்துக்கு வார ஆக்கள் எல்லாம் திரும்பிப் போறாங்க. நாளைக்கு என்னோட டொக்டர்ட வாங்கோ."

"தும்மலுக்கெல்லாம் என்னத்துக்குத் தாத்தா டொக்டர்?"

"தும்மலுக்கு மட்டுமா சொல்றன்? கையப் பாருங்க. பாக்கேலாம ஈக்கி." பார்க்க முடியவில்லையாம்.

அந்த டொக்டர் என் கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். உறை போடாமல், வெறும் கையால். எனக்கு அழுகை வந்துவிட்டது, தும்முகிற மாதிரி பாவனை செய்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூக்கு எப்படி, கண் அரிக்குமா, நெஞ்சு இழுக்குமா, சாப்பாட்டில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. இதெல்லாம் சேர்ந்து வருகிற கூட்டம்தான் என்றார். தோல் வறண்டு வெடிக்கிறவர்களுக்கு மூக்கும் நெஞ்சும் இப்படித் தொந்தரவு கொடுப்பது சகஜம், சிலருக்குச் சாப்பாடும் சேராது. ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை, ஒன்றை ஆற்றினால் அது மற்றதற்குள் ஓடி ஒளிந்துகொள்வதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து எடுக்க வேண்டும். கூனி, இறால் பக்கமே போகக்கூடாது. அடுத்த தடவை தடிப்போடு நிற்கும் என்று சொல்ல முடியாது. நான் எங்கே போகிறேன், அம்மாவே அதை வீட்டுக்குள் விடமாட்டாளே என்று நினைத்துக்கொண்டேன்.

களிம்பும், மூக்குக்கு ஸ்ப்ரேயும், நெஞ்சுக்கு மருந்தை இழுத்துக்கொள்ள ஒரு பம்பும் கொடுத்தார். மூக்குக்கும் நெஞ்சுக்கும் உடனே தொடங்கிவிட்டேன். களிம்பைத்தான் தொடப் பயமாக இருந்தது. டொக்டர் படித்தவர், சரி. ஆனால் மூச்சு நின்ற அந்த விடியக்காலையில் அவர் இருக்கவில்லை, அம்மாதான் இருந்தாள். கடைசியில் ஒரு யோசனை செய்தேன். இடது காலுக்கு மட்டும் பூசுவது. உள்ளே போனாலும் ஒரு காலளவு கரப்பான்தானே போகும், சமாளித்துக்கொள்ளலாம். இப்படிக் கணக்குப் பார்த்த பைத்தியக்காரி நான்தான். இடது கால் பளபளவென்று ஆறியது. மூச்சு அப்படியே இருந்தது. வலது காலுக்குப் பூசினேன். பிறகு கை, பிறகு கழுத்து. மழைக்காலம் முடிவதற்குள் நான் முழுசாக ஆறிவிட்டேன். மூச்சு எங்கேயும் போகவில்லை.

கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்ட எனக்கு இருக்கிறது ஒரே ஆள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டைக்கை சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். லயத்துக்குள் நுழையும்போதே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அடியாத்தி, என்ன கிரீம்டி போடுற?" என்று ஒருத்தி கையைத் தடவிப் பார்த்தாள். நான் மகாராணி மாதிரி நடந்து போனேன். அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"எங்க போச்சு?"

"என்னது எங்க போச்சு?"

"அதான்டி, கரப்பான். இம்புட்டும் எங்க போச்சு?"

"போயிருச்சும்மா. மருந்து போட்டேன், போயிருச்சு."

"போயிருச்சுன்னா? எங்கயாச்சும் போயித்தானே இருக்கணும்?"

அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய் என் முதுகில் காதை வைத்தாள். "மூச்ச இழு. விடு. இன்னொருக்கா இழு." நான் இழுத்து இழுத்து விட்டேன். டொக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவளைச் சமாதானப்படுத்த, பையிலிருந்து பம்பை எடுத்துக் காட்டினேன்.

"இங்க பாரும்மா, நெஞ்சுக்கும் மருந்து எடுக்கிறேன். பயமே இல்ல."

"பாத்தியா! நெஞ்சுக்கு மருந்து குடுத்திருக்கான்னா, உள்ள போயிருச்சுன்னுதானே அர்த்தம்?"

அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. தோட்டத்துக் கங்காணியே தோற்றவர். நான் விட்டுவிட்டேன். பார்த்துப் பார்த்துப் பழகிவிடுவாள் என்று நினைத்தேன். தூங்கும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியம் இல்லையே, நான்தான் சொறிவதில்லையே. ஆனால் விழிப்பு வந்த போதெல்லாம் அவள் உட்கார்ந்துகொண்டிருந்தாள், என் மூச்சைக் கேட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தோம். கோயிலில் அம்மா முழங்காலில் நின்று எழுந்திருக்கவே இல்லை. வந்ததும் என்னைக் குசினிப் பக்கம் வரவேண்டாம் என்றாள். "ஓய்வா இரு பாப்பா. நான் ஆக்குறேன்." பாப்பா என்று அவள் என்னைக் கூப்பிட்டுப் பல வருடம். மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் கறியும் தட்டில் போட்டு வந்தாள். நான் கையை நீட்டினேன். தட்டைத் தள்ளிப் பிடித்தாள்.

"இரு. நானே ஊட்டுறேன்."

முப்பது வயது தாண்டியவளுக்கு ஊட்டுவதா என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயம் தீர்ந்துவிட்டது, அம்மா என்னை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். கறி நல்ல உறைப்பு. நாலைந்து வாய் போனதும் நாக்கு அரித்தது.

"கத்தரிக்கா அரிக்குதும்மா."

"அரிக்குதா?" அம்மாவின் கண் விரிந்தது. "எங்க, நாக்கா? மேல அரிக்கலையா?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. மேலும் அரித்தது. கழுத்தில், தோளில், காதுக்குள்ளே கூட அரித்தது. கையைப் பார்த்தேன். நான் இத்தனை மாதம் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த அந்தக் கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "வந்துருச்சு! மாதாவே, வெளிய வந்துருச்சு!" கண்ணீர் பொங்கி வழிந்தது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "கூனி போட்டேன்டி. வறுத்துப் பொடி பண்ணிப் போட்டேன். இனி ஒண்ணும் ஆகாது, எல்லாம் தோலுக்கு வந்துரும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உதடு தடித்து, குரல் வரவில்லை. தொண்டைக்குள் யாரோ கையை விட்டுப் பிடித்த மாதிரி இருந்தது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "இருடி, இரு, இப்ப எறங்கிரும். முழுசா வெளிய வந்ததும் நெஞ்சு லேசாயிரும்" என்று அம்மா என் முதுகைத் தடவினாள். நான் பம்பைக் காட்டினேன், எடுத்துத் தந்தாள், அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. மூச்சு உள்ளேயும் போகவில்லை. அப்போதுதான் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்தது.

பக்கத்துக் காம்பராக்காரரின் திரீவீல் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள். தோட்டத்து ரோட்டில் குழிக்குக் குழி என் தலை அம்மாவின் நெஞ்சில் மோதியது. "தோலுக்கு வந்துருச்சே, வந்துருச்சே, பின்ன ஏன்டி, பின்ன ஏன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியாது. அந்தக் கேள்வியின் பாதியில் எனக்கு நினைவு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்களாம். கண் திறந்தபோது மூக்கில் குழாய் இருந்தது, மூச்சு வந்துகொண்டிருந்தது. டொக்டர் மிஸ் சின்னப் பெண். சிங்களத்தில், "மொனவத கேவே?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டேன் என்கிறார். கத்தரிக்காயில் ஏதோ விழுந்திருக்கும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மா பதில் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்து மனுஷிகளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கூனி என்றாள். தானேதான் வறுத்துப் போட்டதாகச் சொன்னாள். ஏன் போட்டாள் என்பதையும், களிம்பு, கரப்பான், நெஞ்சு என்று ஒன்று விடாமல் சொன்னாள். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

டொக்டர் மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொறுமையாக விளக்கினார். தோலும் மூக்கும் நெஞ்சும் சாப்பாடும் ஒரே உடம்பில் சேர்ந்து வருகிற கோளாறுகள், எதுவும் எதற்குள்ளும் போவதில்லை, தோல் ஆறினால் ஆறியதுதான் என்றார். மாவனல்லை டொக்டர் எனக்குச் சொன்னதேதான். நான் சொன்னபோது காதில் வாங்காதவள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்படியென்றால் அந்தக் களிம்பை இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பூசியிருக்கலாமா?

"ஒவ் அம்மே" என்றார் டொக்டர் மிஸ். பூசியிருந்தால் பிள்ளை எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பெண் மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஆமாம் என்ற அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் என்ன? அம்மா அப்படியே நின்றாள். அழவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"பக்கத்துல வாம்மா" என்றேன்.

"வேணாம். கையில இன்னும் கூனி வாட இருக்கு."

போய்க் கழுவிவிட்டு வந்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போனாள். வார்டில் இருந்த மட்டும் அவள் என் கட்டிலை நெருங்கவில்லை, கதவோரத்து வாங்கில் இருந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டொக்டர் மிஸ் சொன்னபோது, "நீ இப்படியே டவுனுக்குப் போயிரு புள்ள. தோட்டத்துக்கு வராத. என் கையால திரும்ப ஏதாச்சும் ஆயிரும்" என்றாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். மாவனல்லை பக்கம் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, கீழே நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது போனில் பேசுகிறாள். "மூச்சு சரியா இருக்கா?" என்று கேட்பாள். "சரியா இருக்கும்மா." "அப்ப சரி, வைக்கிறேன்." இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சொல்லாமல் ஒருதரம் போய் நின்றேன், நத்தார் லீவுக்கு, கிறிஸ்துமஸ் சமயம். அம்மா என்னைத் திட்டவில்லை. புதுச் சட்டி பானை ஒரு சோடி வாங்கி, துணி மூடி வைத்திருந்தாள். அவளுடைய சட்டி எதுவும் என் சாப்பாட்டில் படக்கூடாதாம். அதில் எனக்கு நானே சமைத்துக்கொள்ளச் சொன்னாள். சமைத்தேன், இரண்டு தட்டில் போட்டேன், கூப்பிட்டேன். "நீ சாப்பிடு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சுவரோரம் உட்கார்ந்தாள்.

"பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன டீவியா?"

சிரிக்கவில்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தட்டுச் சோறு காய்ந்தது. படுக்கிறபோது எனக்குக் கட்டிலை விட்டுவிட்டு, எட்டி நிலத்தில் பாய் போட்டுக்கொண்டாள். நான் கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

கடையில் எல்லாரும் என்னோடு நன்றாகப் பழகுகிறார்கள். என்னை மறுபடியும் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் என் கையிலிருந்து துணியை வாங்கி வாங்கிப் பார்க்கிறார்கள், எனக்கும் வாய்க்குக் குறைச்சலில்லை, நன்றாகத்தான் விற்கிறேன். கடை பூட்டிய பிறகு அறைக்கு வந்து குளித்துவிட்டுக் களிம்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். சில நாள் மூடியைத் திறக்கத் தோன்றாது. கொஞ்ச நாள் போடாமல் விட்டால் போதும், மடிப்பெல்லாம் சிவந்து வெடித்துவிடும். அப்படியே போய் லயத்து வாசலில் நின்றால் அம்மா கையைப் பிடிக்காமல் இருப்பாளா? சொறியாத, நான் தடவுறேன் என்று சொல்லாமல் இருப்பாளா? இந்த வயதில் இப்படியொரு ஆசை வெட்கக்கேடுதான். ஆனால் வருகிறதே, என்ன செய்ய?

பிறகு மூடியைத் திறக்கிறேன். கழுத்துக்கு, தோளுக்கு, கைக்கு, காலுக்கு, முதுகில் எட்டுகிற இடம் வரைக்கும் பூசிக்கொள்கிறேன்.